ட்ரையல் எத்தனை நாள் குடுக்கலாம்? பில்லிங் சாஃப்ட்வேர் எழுதின தம்பிக்கு

ராஜபாளையம் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி எழுதியிருக்கார், பேர் போட வேணாம்னு சொல்லிட்டார். எலக்ட்ரிக்கல், பிளம்பிங், ஹார்டுவேர் கடைகளுக்குன்னு தனி ஆளா உக்காந்து ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதியிருக்கார், விண்டோஸ்ல ஓடுறது, நெட் இல்லாமலே வேலை செய்யும். மாமா கடையில போட்டுக் குடுத்திருக்கார், நல்லா ஓடுது. அங்கேர்ந்து பென் டிரைவ்ல பக்கத்து மூணு கடைக்குப் போயிடுச்சாம், ஒரு பைசா வரல. இப்ப முறையா விக்கலாம்னு பாக்குறார். "அண்ணா, 30 நாள் ட்ரையல் குடுக்கலாமா, இல்ல குடுக்கவே கூடாதா? தேதியைப் பின்னாடி தள்ளி வெச்சு ஓட்டுவாங்களே, க்ராக் பண்ணுவாங்களே, ஹார்டு டிஸ்க் நம்பரோட சேத்து லாக் பண்ணிடவா? ஓசில ஓட்டிப் பாத்தவன் அப்புறம் எதுக்குண்ணா காசு குடுப்பான்?"

கடைசிக் கேள்வியிலேர்ந்தே வரேன் தம்பி, ஏன்னா மத்ததெல்லாம் அதுலேர்ந்து வர பயம்தான்.

இந்தக் கேள்விக்கு 1982லயே அமெரிக்காவுல ரெண்டு பேர் விடை தேடிட்டாங்க, அதுவும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமலே. கலிஃபோர்னியாவுல ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன்னு ஒருத்தர், மோடம் வழியா ரெண்டு கம்ப்யூட்டர் பேசிக்கிறதுக்கு பிசி-டாக்னு ஒரு ப்ரோக்ராம் எழுதினார். சியாட்டில் பக்கத்துல ஜிம் நாஃப், ஐபிஎம்ல வேலை பாத்துக்கிட்டே பிசி-ஃபைல்னு ஒரு டேட்டாபேஸ் எழுதினார். ரெண்டு பேரும் சொன்னது ஒரே விஷயம்தான்: காப்பி எடுத்துக்கோ, நண்பனுக்கும் குடு, பிரயோஜனமா இருந்தா பணம் அனுப்பு. அனுப்பலைன்னா ஒண்ணும் பண்ண மாட்டோம். பணம் வந்துச்சு, 1984ல நாஃப் ஐபிஎம் வேலையையே விட்டுட்டு இதையே தொழிலா எடுத்துக்கிட்டார்.

ஆனா நீங்க முக்கியமா பாக்க வேண்டியது மூணாவது ஆளை. பாப் வாலஸ், மைக்ரோசாஃப்ட்ல ஆரம்ப காலத்துல சேந்த ஒரு சிலர்ல ஒருத்தர், 1983ல வெளிய வந்து பிசி-ரைட்னு ஒரு வேர்டு ப்ராசஸர் போட்டார். ஃப்ளாப்பி விலை 10 டாலர். 75 டாலர் கட்டி ரெஜிஸ்டர் பண்ணினா அச்சடிச்ச மேனுவல் வரும், போன் பண்ணி சந்தேகம் கேக்கலாம், புது வெர்ஷன் வரும், அதோட உங்களுக்குன்னு ஒரு சீரியல் நம்பர் இருக்கிற காப்பி கைக்கு வரும். அந்தக் காப்பியை யாருக்கு வேணா குடுக்கலாம். வாங்கினவன் அந்த நம்பரைச் சொல்லி ரெஜிஸ்டர் பண்ணினா குடுத்தவருக்கு 25 டாலர் கமிஷன். அதாவது நீங்க திருட்டுன்னு நினைச்சுக்கிட்டிருக்கிற அந்த பென் டிரைவ் வேலையையே அந்த மனுஷன் தன்னோட சேல்ஸ் டீமா மாத்திட்டார்.

அந்த 75 டாலருக்குள்ள என்ன இருந்துச்சுன்னு திரும்பப் பாருங்க. ப்ரோக்ராம் இல்ல, ப்ரோக்ராம்தான் ஏற்கெனவே கையில இருக்கே. காப்பி அடிச்சா கூட வராத விஷயங்களுக்குத்தான் காசு. உங்க தொழில்ல அது என்ன? 2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜிஎஸ்டி ரேட்டெல்லாம் மாறுச்சே, சிமெண்ட் 28லேர்ந்து 18 சதவீதத்துக்கு இறங்குச்சு, ஹார்டுவேர் கடைக்காரனுக்கு காலையில கடை திறக்கிறப்ப ஐட்டம் மாஸ்டர்ங்கிற பொருள்-ரேட் பட்டியலை முழுக்க மாத்தியாகணும், பழைய ரேட்ல ஒரு பில் போனாலும் வம்பு. அந்த மாதிரி இன்னொரு நாள் வரும்போது பென் டிரைவ் காப்பி வெச்சிருக்கிறவன் யாருக்கு போன் போடுவான்? உங்க நம்பரைத் தேடித்தான் வருவான். அன்னிக்கு அப்டேட் உங்ககிட்ட இருக்கும், சந்தா கட்டினவனுக்குத்தான் கிடைக்கும். அதனால மொத்தமா ஒரு தடவை பெரிய தொகைன்னு விக்காதீங்க, முதல் வருஷம் ஒரு விலை, அடுத்த வருஷத்துலேர்ந்து அப்டேட்டுக்கும் போன் சப்போர்ட்டுக்கும் சின்னதா ஒரு தொகைன்னு வைங்க.

சரி, ட்ரையலுக்கு வருவோம். எதைப் பூட்டறதுங்கிறதுலதான் ஆளாளுக்கு ஒரு வழி. டூம் கேம் 1993 டிசம்பர் 10ஆம் தேதி வந்தப்ப மூணு எபிசோடுல முதல் எபிசோடு முழுசும் ஃப்ரீ, மீதி ரெண்டுக்குக் காசு. கேமுக்கு அது பிரமாதம், பில்லிங்குக்கு ஒத்து வராது, பாதி பில்லை வெச்சுக்கிட்டு கடைக்காரர் என்ன பண்ணுவார். ஃபைலைச் சுருக்குற வின்ரார் 40 நாள்னு சொல்லும், 41ஆவது நாளும் திறக்கும், காசு கட்டுன்னு ஒரு பெட்டி வரும், மூடிட்டு வேலையப் பாக்கலாம், நம்மில் பல பேர் காலேஜ்லேர்ந்து ரிட்டயர்மெண்ட் வரைக்கும் அப்படித்தான் ஓட்டுறோம். அவங்க கணக்கு வேற, வீட்டுல இருக்கிறவன் பழகி ஆஃபீஸ்லயும் அதையே கேப்பான், ஆஃபீஸ் லைசென்ஸ் இல்லாம வெச்சா ஆடிட்ல மாட்டும். உங்க கஸ்டமருக்கு அந்த மாதிரி ஆஃபீஸ் கிடையாது. மியூசிக் பண்றவங்க வெச்சிருக்கிற ரீப்பர் 60 நாள் முழுசா ஓடும், அப்புறமும் ஓடும், கொஞ்ச செகண்ட் நினைவூட்டல் மட்டும் வரும், தனி ஆளுக்கும் சின்ன கம்பெனிக்கும் லைசென்ஸ் 60 டாலர், பெரிய கம்பெனிக்கு 225. அதே மாதிரி மியூசிக் சாஃப்ட்வேர் எஃப்எல் ஸ்டுடியோ ட்ரையல்ல பாட்டைப் போட்டு எக்ஸ்போர்ட் பண்ணலாம், ப்ராஜெக்ட்டை சேவ் கூட பண்ணலாம், ஆனா காசு கட்டாம அந்த ப்ராஜெக்ட்டைத் திரும்பத் திறக்க முடியாது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனா கடைக்காரர்கிட்ட இதைச் செஞ்சீங்கன்னா சண்டைக்கு வருவார்.

நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு உங்களுக்கே தெரியும். கணக்கு சாஃப்ட்வேர் டேலியோட எஜுகேஷன் மோட். கிட்டத்தட்ட எல்லா வசதியும் திறந்திருக்கும், வவுச்சர், அதாவது கணக்குப் பதிவு மட்டும் 1, 2, 31 தேதிகள்ல தான் போட முடியும். காமர்ஸ் பசங்க எத்தனை தலைமுறை ஒண்ணாந்தேதியிலயே ஒரு மாச வியாபாரத்தையும் போட்டுக் கத்துக்கிட்டு வந்தாங்க பாருங்க. கத்துக்கிறவனுக்கு எந்தத் தடையும் இல்ல, நிஜக் கடைக்கு உபயோகப்படாது. இதை விட அழகா ஒரு கோடு போட்ட ட்ரையல் நான் பாத்ததில்ல. ஆனா அது அவ்வளவு பேர் தேடி வந்து கத்துக்கிற சாஃப்ட்வேருக்கு. உங்களது யாருக்கும் தெரியாது, நிஜ பில் போட்டுப் பாத்தாத்தான் கடைக்காரருக்கு நம்பிக்கை வரும். அதனால உங்களுக்கு எதையும் பூட்டாத, நாள் கணக்கு ட்ரையல்தான் சரி.

ஆனா 30 நாள் வேணாம். ஏன்னு சொல்றேன். ஒரு ஹார்டுவேர் கடையில எத்தனை ஐட்டம் இருக்கும்னு உங்க மாமாகிட்ட கேளுங்க. அரை இஞ்ச் எல்போ, முக்கால் இஞ்ச் எல்போ, ஒரு இஞ்ச் எல்போ, அதுலயே யூபிவிசி வேற சிபிவிசி வேற, கம்பெனி வேற வேற, ஸ்க்ரூல மட்டும் ஒரு பக்கம் வரும். இதையெல்லாம் ராத்திரி கடை சாத்தினதுக்கப்புறம் பையனோ பொண்ணோ உக்காந்து ஏத்தணும். ரெண்டு வாரம் அதுலயே போயிடும், நடுவுல ஒரு கல்யாணம் வந்தா அதுக்கு மேலயும். இன்ஸ்டால் பண்ணின நாள்லேர்ந்து 30 எண்ணினீங்கன்னா ஐட்டம் ஏத்தி முடிச்சு பில் போட ஆரம்பிக்கிறப்ப ட்ரையல் பாதி செத்துப் போயிருக்கும், அவர் உங்களைத் திட்டிட்டு நோட்டுக்கே திரும்பிடுவார். அதனால மீட்டர் முதல் பில்லுலேர்ந்து ஓடட்டும். அதுவரைக்கும் எத்தனை நாள் ஆனாலும் சும்மா விடுங்க, ஐட்டம் முழுக்க ஏத்தினவன் உங்களை விட்டு எங்கேயும் போக மாட்டான்.

முதல் பில்லுலேர்ந்து எத்தனை நாள்? 45. குத்துமதிப்பா சொல்லல. பில்லிங் சாஃப்ட்வேருக்கு நிஜப் பரீட்சை பில் அடிக்கிறப்ப இல்ல, மாசம் முடிஞ்சு ஆடிட்டருக்கு ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை ரிட்டர்ன் கணக்கு அனுப்புறப்பதான். மாசா மாசம் ஃபைல் பண்றவங்களுக்கு அடுத்த மாசம் 11ஆம் தேதி கடைசி. ஒருத்தர் 1ஆம் தேதி முதல் பில் போட்டா அந்த மாசம் 31 நாளா இருந்தாலும் அடுத்த 11ஆம் தேதி அவருக்கு 42ஆவது நாள். நடு மாசத்துல ஆரம்பிச்சா அதுக்கும் முன்னாடியே வந்துடும். ஆக எந்தத் தேதியில ஆரம்பிச்சாலும் 45 நாளுக்குள்ள ஒரு ஃபைலிங் முடிஞ்சிருக்கும். ஆடிட்டர் ஆஃபீஸ்லேர்ந்து "இந்த மாசம் கணக்கு நல்லா நீட்டா வந்திருக்கே"ன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, அடுத்த ரெண்டு மூணு நாள்ல காசு கட்டச் சொல்லி ஸ்க்ரீன் வரும்போது அவர் யோசிக்க மாட்டார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஃபைல் பண்றவங்க சில பேர் இன்னும் டைம் கேப்பாங்க, கேட்டா நீட்டிச்சுக் குடுங்க, தகராறு பண்ணாதீங்க.

தேதியைப் பின்னாடி தள்ளுறது பத்தி நீங்க தூக்கத்தைக் கெடுத்துக்க வேணாம். கேமோ போட்டோ எடிட்டரோ ஆனா தள்ளி வெச்சு ஓட்டலாம். பில்லிங்ல கம்ப்யூட்டர் தேதிதான் பில் தேதி. போன மாசத் தேதி போட்ட பில்லை எந்த கான்ட்ராக்டர் வாங்குவான்? ட்ரையல் ஆரம்பிச்ச நாளை விண்டோஸ் செட்டிங்ஸ் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில ஒளிச்சு வைக்கிறது, சிஸ்டம் ஃபோல்டர்ல ஒரு ஃபைல் ஒளிச்சு வைக்கிறதுன்னு நெட்ல நிறைய பேர் சொல்லுவாங்க, அது எதுவும் வேணாம். டேட்டாபேஸ்லயே முதல் பில் தேதி இருக்கு, கடைசி பில் தேதியும் இருக்கு, ரெண்டையும் கழிச்சா போச்சு. அழிச்சுட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணினாலும் பழைய டேட்டாபேஸைத் திறந்தா கணக்கு அங்கேயே நிக்கும். புதுசா காலியா ஆரம்பிச்சா? ஐட்டம் எல்லாம் திரும்ப ஏத்தணும், வரவேண்டிய பாக்கியெல்லாம் போயிடும், பில் நம்பர் ஒண்ணுலேர்ந்து வரும். ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டுக்குள்ள பில் நம்பர் வரிசையா, திரும்ப வராம இருக்கணும். சில ஆயிரம் ரூபாய்க்காக எவனும் இந்த வேலையைப் பண்ண மாட்டான்.

அப்புறம் ஹார்டு டிஸ்க் லாக். தயவுசெஞ்சு வேணாம் தம்பி. கடை கம்ப்யூட்டர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும், சிமெண்ட் தூசியில உக்காந்திருக்கும், யூபிஎஸ் பேட்டரி என்னிக்கோ போயிருக்கும். வருஷத்துல ஒரு தடவையாவது சர்வீஸ்காரர் வந்து விண்டோஸ் திரும்பப் போடுவார், இல்ல டிஸ்க் மாத்துவார். ஒவ்வொரு தடவையும் லைசென்ஸ் செல்லாதுன்னு வரும், அதுவும் தீபாவளிக்கு முன்னாடி சனிக்கிழமை சாயங்காலம்தான் வரும், கடையில கூட்டம் நிக்கும், அவர் உங்களுக்கு போன் பண்ணி என்ன வார்த்தை சொல்லுவார்னு நான் எழுத வேணாம்.

மெஷினோட கட்டாதீங்க, கடைப் பேரோட கட்டுங்க. உங்க சாஃப்ட்வேர்ல இதுக்கு ஒரு அருமையான வசதி தானாவே இருக்கு. ஒவ்வொரு பில்லுலயும் மேல கடைப் பேரும் 33ல ஆரம்பிக்கிற 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பரும் அச்சாகும். அந்த ரெண்டையும் லைசென்ஸ் கீக்குள்ள வெச்சிடுங்க, பில் தலைப்பு அந்தக் கீயிலேர்ந்துதான் வரணும், வேற எங்கேயும் மாத்த முடியக் கூடாது. அவர் கீயை அடுத்த கடைக்காரருக்குத் தாராளமா குடுக்கட்டும், அங்க அடிக்கிற பில்லெல்லாம் இவர் பேர்லயும் இவர் நம்பர்லயும் வரும். ஜிஎஸ்டி நம்பர் இல்லாத சின்னக் கடைன்னா பேரும் போன் நம்பரும் போதும்.

கீ செய்யறது எப்படின்னா, கையெழுத்து மாதிரி ஒரு முறை இருக்கு. ரெண்டு சாவி ஜோடியா உருவாக்குவீங்க, ரகசிய சாவி உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் இருக்கும், பொதுச் சாவி சாஃப்ட்வேருக்குள்ள போகும். கடைப் பேர், ஜிஎஸ்டி நம்பர், எந்தத் தேதி வரைக்கும் அப்டேட்ங்கிறது, இதையெல்லாம் ஒரு சின்ன ஃபைல்ல எழுதி ரகசிய சாவியால கையெழுத்துப் போடுவீங்க. சாஃப்ட்வேர் பொதுச் சாவியை வெச்சு கையெழுத்து சரியான்னு பாக்கும், நெட் தேவையே இல்ல. ஒரு எழுத்து மாத்தினாலும் செல்லாது. பழைய காலத்துல கீஜென்னு ஒரு குட்டி ப்ரோக்ராம் பாட்டெல்லாம் போட்டுக்கிட்டு சீரியல் நம்பர் குடுக்குமே, அது எப்படி சாத்தியமாச்சுன்னா நம்பர் செய்யற கணக்கே சாஃப்ட்வேருக்குள்ள இருந்துச்சு, உள்ள பாத்து எழுதிக்கிட்டாங்க. இந்த முறையில உள்ள எவ்வளவு பாத்தாலும் கையெழுத்துப் போட முடியாது, சரிபாக்கத்தான் முடியும். இதுக்கு ரெடிமேட் லைப்ரரி இருக்கு, ஈடி25519 (Ed25519)னு தேடுங்க, நீங்களா ஒரு என்க்ரிப்ஷன் கண்டுபிடிக்காதீங்க. கீ நீளமா வரும், டைப் பண்ண முடியாது, வாட்ஸ்அப்ல ஃபைலா அனுப்பிடுங்க. ட்ரையலை நீட்டிச்சுக் குடுக்கவும் இதே ஃபைல்தான், தேதி மட்டும் வேற.

இதையும் மீறி ஒருத்தன் எக்ஸ்இ ஃபைலையே திருத்தி சரிபாக்குற இடத்தையே தூக்கிடலாம், முடியும்தான், எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் முடியும். ஆனா ஹார்டுவேர் கடை பில்லிங்கை க்ராக் பண்றதுக்கு எவன் ராத்திரி முழிச்சு உக்காரப் போறான்? அந்த நேரத்தை பார்கோடு பிரிண்ட்டுக்கு செலவழிங்க, அது விக்கும்.

45 நாள் முடிஞ்சதும் என்ன நடக்கணும்ங்கிறதுலதான் நான் கொஞ்சம் கண்டிப்பா சொல்லுவேன். புது பில் போடறது மட்டும்தான் நிக்கணும். பழைய பில் பாக்க, பிரிண்ட் எடுக்க, எக்செல்ல எடுக்க, ஜிஎஸ்டிஆர்-1 எடுக்க, இதெல்லாம் என்னிக்கும் திறந்தே இருக்கணும், அவர் காசே கட்டலைன்னாலும். அந்தக் கணக்கு அவரோடது. ஜிஎஸ்டி சட்டம் கணக்கு வழக்கையெல்லாம் வருடாந்திர ரிட்டர்னோட கடைசித் தேதியிலேர்ந்து 72 மாசம் வெச்சிருக்கச் சொல்லுது, அதை நீங்க பூட்டி வெச்சுக்கிட்டு காசு கேட்டா அதுக்குப் பேர் வியாபாரம் இல்ல. இன்னொண்ணு, நாள் முடிஞ்சுதான்னு சாஃப்ட்வேர் திறக்கிறப்ப மட்டும் பாருங்க, கஸ்டமர் முன்னாடி நிக்கிறப்ப நடு பில்லுல நிறுத்தாதீங்க. ஒரு வாரம் முன்னாடிலேர்ந்தே காலையில திறக்கும்போது இன்னும் இத்தனை நாள்னு ஒரு வரி காட்டுங்க, கீழ யூபிஐ க்யூஆரும் உங்க போன் நம்பரும். பில்லுக்குக் கீழ ட்ரையல் வெர்ஷன்னு அச்சடிக்கிறதும் வேணாம், மூணு இஞ்ச் தெர்மல் பேப்பர்ல அதைப் பாத்து கஸ்டமர் சிரிச்சா கடைக்காரருக்கு மானப் பிரச்சினை.

ட்ரையலுக்கே கார்டு நம்பர் வாங்கிக்கிட்டு நாள் முடிஞ்சா தானா எடுத்துக்கிற முறையும் இருக்கு, சினிமா பாக்குற ஆப் எல்லாம் பண்றது. நம்ம நாட்டுல பணம் எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியாவது தகவல் சொல்லியாகணும்னு ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர்லேர்ந்து இருக்கு, மறந்து போற ஆளை நம்பி நடத்துற அந்த வித்தை இங்க பாதிதான் எடுபடும். கடைக்காரர்கிட்ட சுத்தமா எடுபடாது, கார்டு நம்பர் கேட்ட உடனே மூடிட்டுப் போயிடுவார்.

அந்த மூணு கடை விஷயம் ஒண்ணு பாக்கி இருக்கு. பென் டிரைவ்ல ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போட்டிருந்தாங்கன்னா உங்க மாமாவோட டேட்டாபேஸும் சேந்தே போயிருக்கும். யார் எவ்வளவு பாக்கி, எந்த டீலர்கிட்ட என்ன ரேட்டுக்கு வாங்கினார், எல்லாம் பக்கத்துக் கடைக்காரர் கையில. முதல்ல அதைப் போய் பாத்துட்டு வாங்க. புரோக்ராம் ஒரு ஃபோல்டர், டேட்டா வேற ஃபோல்டர்னு பிரிச்சுடுங்க, மெனுவுல நண்பருக்குக் குடுக்கன்னு ஒரு பட்டன் வெச்சு காலி இன்ஸ்டாலரை பென் டிரைவ்ல எழுதிக் குடுக்கிற மாதிரி பண்ணுங்க, அதுல குடுத்தவர் நம்பரும் சேந்தே போகும், அடுத்தவர் வாங்கினா இவருக்கு ஒரு வருஷ சந்தா ஃப்ரீ இல்லேன்னா கையில ஒரு தொகை. கடைக்காரரை விட சர்வீஸ் பண்றவருக்கும் ஆடிட்டர் ஆஃபீஸ் பையனுக்கும் இதைக் குடுத்தீங்கன்னா வேகமா நடக்கும், ஊர்ல எந்தக் கடையில என்ன சாஃப்ட்வேர்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

டவுன்லோட் லிங்க் போட்டீங்கன்னா இன்னொரு தலைவலி வரும், விண்டோஸ் நீல கலர்ல தெரியாத வெளியீட்டாளர்னு பயமுறுத்தும், பாதிப் பேர் அங்கேயே திரும்பிடுவாங்க. கோட் சைனிங் சர்டிபிகேட் வாங்கினா வெளியீட்டாளர் இடத்துல உங்க பேர் வரும், புதுசுல கொஞ்ச நாள் எச்சரிக்கை வந்துட்டுப் போகப் போகக் குறையும். 2023 ஜூன்லேர்ந்து அதோட ரகசிய சாவி டோக்கன் மாதிரி பாதுகாப்பான ஹார்டுவேர்ல தான் இருக்கணும்னு விதி, செலவு கொஞ்சம் கூடும். முதல் பத்துப் பதினஞ்சு கடைக்கு நீங்களே நேர்ல போய் போட்டுக் குடுங்க, காசு வந்ததும் சர்டிபிகேட் வாங்கிக்கலாம்.

எப்ப ஆரம்பிக்கலாம்னு நீங்க கேக்கல, நானே சொல்றேன். கடைக்காரங்க சாஃப்ட்வேர் மாத்துறது பெரும்பாலும் ஏப்ரல் ஒண்ணாந்தேதி, அன்னிக்குத்தான் புது வருஷக் கணக்கு, பில் நம்பர் திரும்ப ஒண்ணுலேர்ந்து. பிப்ரவரி 15 வாக்குல ஒரு கடையில முதல் பில் விழுந்தா 45 நாள் சரியா அங்க போய் நிக்கும். நடுவுல ட்ரையல் பில்லுக்குத் தனி எழுத்து போட்டு தனி வரிசையா விடுங்க, ஒண்ணுக்கு மேல சீரிஸ் வெச்சுக்கலாம், விதியில இடம் இருக்கு, பழைய பில் புக்கோட மோதாது. ஐட்டம் ஏத்த ரெண்டு மூணு வாரம்னு வெச்சுக்கிட்டா பொங்கல் முடிஞ்ச கையோட நீங்க கடைக் கடையா ஏறி இறங்க ஆரம்பிக்கணும். போறப்ப மாமா கடை பில் ஒண்ணும், ஆடிட்டருக்கு அனுப்பின ஜிஎஸ்டிஆர்-1 ஷீட் ஒண்ணும் கையில வெச்சுக்கோங்க, மாமாகிட்ட கேட்டு கஸ்டமர் பேரெல்லாம் அழிச்சிட்டு.